குத்பா முடிவதற்குள் குடித்த தோணா

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் கதீப் குத்பாப் பிரசங்கத்துக்கு மிம்பர் மேடையில் ஏறி இறங்குவதற்குள், நான் ஒரு தோணாவை முழுவதுமாகக் குடித்துத் தீர்த்தேன். ஏப்பம்கூட விடவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு யாரோ பிளேன்ரீ கொடுத்தார்கள், அதையும் குடித்தேன்.

பள்ளி நிர்வாகம் பார்க்கும் மரைக்காயர்மாரே, இந்தக் கதையை நீங்கள் எல்லோரும் முனாபின் தேத்தண்ணிக் கடையில் கேட்டிருப்பீர்கள். ஐந்து மாரிக்காலமாக அங்கே இதைச் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு மாரிக்கும் தோணா கொஞ்சம் பெருக்கும். முதல் வருடம் ஒரே மூச்சில் குடித்தேன். அடுத்த வருடம் பப்பாசிக் குழலை வைத்து உறிஞ்சினேன். சென்ற வருடம் தோணாவில் கிடந்த முதலையொன்று என் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது, ஈர்க்கால் குத்தி எடுக்க வேண்டியதாயிற்று. முனாப் கிளாசைக் கழுவியபடியே சொல்வான்:

“காக்கா, தோணாவக் குடிச்சீங்க, சரி. கடலுக்கு மட்டும் வாய வெச்சிராதீங்க. நாங்க மீனுக்கு எங்க போற?”

சிரிப்பார்கள். யாரும் நம்பியதில்லை. மறுக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதுமில்லை. கல்முனையில் இதை மறுத்து நிற்பவள் ஒருத்திதான். அவள் என் மனைவி நஸீறா. விருந்துக்கு வந்தவர்கள் யாராவது அந்தக் கதையைக் கேட்டுவிட்டால் குசினிக்குள்ளிருந்து குரல் வரும்.

“அது பச்சப் பொய். தோணா தானாத்தான் உடைஞ்சது. இந்த மனிசன் வயசு போன நேரம் புளுகிக்கிட்டுத் திரியிறார்.”

வேறு எந்தப் புளுகுக்கும் அவள் இப்படி வாய் திறந்ததில்லை. அம்பாறை யானையொன்றுக்கு நான் மணி பார்க்கப் பழக்கிய கதைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தவள். தோணாக் கதைக்கு மட்டும் சட்டியைக் கொஞ்சம் பலமாக வைப்பாள்.

அந்தக் கதையை இப்போது எழுத்தில் தருகிறேன். முதலையை நீக்கிவிட்டேன். பப்பாசிக் குழலும் இல்லை. ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் இதை வாசிக்கப்போகும் மௌலவி வெளியூரவர். ஆகையால் உங்களுக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் முகைதீன்பாவா. வீதி வேலையில் ஓவசியராக இருந்து பென்சன் எடுத்தவன். தோணா என்பது ஊருக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் சதுப்பு. கோடையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். மாரியில் வயல் வெள்ளமெல்லாம் அதற்குள் வந்து சேரும். கரையில் கிண்ணை மரங்கள், நடுவில் ஆளுயரத்துக்குப் பன் புல். கடற்பக்கம் மணல்மேடு அடைத்துக்கொண்டிருக்கும். அங்கே காதருகில் இரைந்து கடிக்கும் நுளம்புகளைப் பற்றி நான் சொன்னால் மிகையென்பீர்கள், எனவே ஒன்றுதான் சொல்கிறேன். என் லொறிச் சாரதி ஒருவனை அவை சாறனோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பெரியநீலாவணையில் இறக்கிவிட்டன. அவன் பஸ்சில் திரும்பி வந்தான்.

எண்பத்துநாலில் கரையோர வீதியை அகலமாக்கி, தோணாவின் ஓரமாக ஒரு மண்ணணையின் மேல் கொண்டுபோகும் வேலை என் பொறுப்பில் இருந்தது. அணைக்குப் பிளானில் இடம் இருந்தது. லொறிகள் திரும்புவதற்கு இடம் இருக்கவில்லை. அதனால் பிளானில் இல்லாத ஒரு பாதையைத் தோணாவுக்குள்ளேயே போட்டேன். கிண்ணைகளை டோசரால் சாய்த்து, அவற்றின் மேல் கிறவல் மண்ணைக் கொட்டி மட்டப்படுத்தினோம். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். எடுப்பதாக எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் எண்ணம் இருந்தது.

அந்த நாட்களில்தான் கரையோரத்துக்கென்று ஒரு சட்டம் வந்திருந்தது. சட்டம் கொழும்பில் இருக்கும், நாங்கள் கல்முனையில் இருப்போம், இருவரும் சந்திக்கமாட்டோம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அது குடையைப் பிடித்துக்கொண்டு வந்தது. கனகரெத்தினம் என்ற உத்தியோகத்தர், மட்டக்களப்புப் பக்கத்தவர். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு என் மண்பாதையின் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பினார்.

“ஓவசியர், இது ஆர்ர காணி?”

“தண்ணிட காணி சேர்.”

“அப்ப தண்ணியிட்டக் கேட்டுத்தானே மண்ணக் கொட்டினீங்க?”

“கேட்டன் சேர். அது ஒண்டும் சொல்லல்ல.”

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் பகிடியில் ஒரு கால் ஊனம். டோசரின் கைப்பிடியில் சிவப்புத் துணியொன்றைக் கட்டி முடிச்சுப் போட்டார்.

“இது நிக்கிற இடத்த விட்டு அசையப்படாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கட பெரியவரோட வருவன். உங்கட மண்ணுக்கு ரெண்டு பக்கமும் தண்ணி நிண்டா அது சதுப்பு, நீங்க கோட்டுக்கு வரவேணும். வேலையும் நிக்கும். அதுக்கு முதல் அள்ளுறதெண்டா அறிவியுங்க. நான் வந்து பக்கத்தில நிக்கிறன், அள்ளிப் போடுங்க. அத்தோட விசயம் முடிஞ்சிது.”

டோசர் ஓட்டுகிற சாலிஹ் என்னோடு நின்றான். அவர் போனபிறகு, “அள்ளிருவமே காக்கா. பெரிய வேலையில்ல. நாளைக்குத் தொடங்கினா வெள்ளிக்கு முதல் வழிச்சு எடுத்திரலாம்” என்றான்.

உண்மைதான். அள்ளியிருக்கலாம். இதைக் கேட்பவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுவாக இருக்கும் என்பதால் முந்திக்கொண்டே சொல்கிறேன். ஆனால் அந்த மனிதர் குடையோடு பக்கத்தில் நிற்க, நான் கொட்டிய மண்ணை நானே அள்ளுவதை முனாபின் கடை முழுவதும் வரிசையாக வந்து பார்த்திருக்கும். என் வேலைக்காலம் முழுவதிலும் போட்ட மண்ணைத் திரும்ப எடுத்தவன் என்ற பெயர் எனக்கில்லை. பென்சனுக்குப் போகும் தறுவாயில் அதைத் தேடிக்கொள்வானேன்.

அவர் சொன்ன விதியை யோசித்துப் பார்த்தேன். மண் குற்றமில்லை. தண்ணீர் நின்றால்தான் குற்றம். அப்படியானால் எடுக்க வேண்டியது மண்ணை அல்லவே.

தோணாவின் வாயை வெட்டிவிடுவது எங்கள் ஊரில் வழக்கமான காரியம். மாரியில் தண்ணீர் ஏறி வயலை மூடப்போகும் நேரத்தில் மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். மண்வெட்டியால் முழ அகலத்தில் ஒரு கீறல் போட்டால் போதும். மிகுதியைத் தண்ணீரே அகழ்ந்துகொண்டு கடலுக்குப் போகும். அதன் இரைச்சல் சந்தைவரை கேட்கும். எப்போது வெட்டுவது என்று சொல்கிறவர் வட்டவிதானை, அதாவது வயல்காரர்கள் தங்களுக்குள் தெரிந்தெடுத்த தலைவர். அப்போது அந்தப் பொறுப்பில் இருந்தவர் கச்சிமுகம்மது. நீங்கள் எல்லோரும் அவரை அறிவீர்கள், அல்லது அறிந்திருந்தீர்கள்.

அவர் சும்மா வெட்டிவிட மாட்டார். முதல்நாள் பள்ளி ஒலிபெருக்கியில் சொல்ல வைப்பார். அன்று விடிய மணல்மேட்டில் கம்பொன்றை நட்டு வெள்ளைத் துணி கட்டுவார். பிறகு கரை நீளத்துக்கும் நடந்து, பன்னுக்குள்ளும் கிண்ணைக்குள்ளும் குரல் கொடுப்பார். “தோணாவுக்குள்ள ஆரும் நிண்டா ஏறி வாங்கோ, வாய் வெட்டப் போறம்.” பதில் வராத இடத்தில் நின்று மறுபடியும் கூப்பிடுவார். வாய் திறந்துவிட்டால் உள்ளே நிற்கிற மாடுகூட மிஞ்சாது. வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து இப்படித்தான், அதனால்தான் அதுவரை ஒரு உயிர் போகவில்லை.

அவரிடம் போய்க் கேட்டேன். வாயைக் கொஞ்சம் முந்தி வெட்டினால் என்ன என்றேன். மாடு மேய்ப்பவனிடம் கதைப்பதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

“தண்ணி இன்னும் காணாது ஓவசியர். இப்ப வெட்டினா கடல் உள்ளுக்க வந்திரும். நாத்து முழுக்க உப்புத் தின்னும். அடுத்த கிழமை பார்ப்பம்.”

சரி என்று வந்துவிட்டேன். அடுத்த கிழமை எனக்கு உதவாது.

வெள்ளிக்கிழமையைத் தெரிந்தெடுத்ததில் நான் மிகவும் கவனமாக இருந்தேன் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். அன்று லுஹர் தொழுகை நேரத்தில் ஊரில் யார் வெளியே நிற்கிறார்கள். கடைக் கதவு பூட்டு, வள்ளம் கரையில், வயலில் காகம் மட்டும். ஜும்ஆ நேரத்தில் தோணாவுக்குள் ஒரு உயிரும் இராது என்று கணித்தேன். அதைவிடப் பாதுகாப்பான நேரம் ஒரு கிழமைக்குள் வேறு கிடையாது. மற்றவர் உயிரைப் பற்றிச் சிந்திக்காதவன் இப்படி நேரம் பார்க்கமாட்டான்.

அன்று வேளைக்கே வீட்டில் சாப்பிட்டேன். சோற்றுக்கு ஊற்றச் சுறா ஆணம். நஸீறா வீட்டில்தான் இருந்தாள். சாலிஹையும் மற்றவர்களையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, எனக்கு வயிறு சரியில்லை என்றேன். அது என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சிறிய பொய்.

மணல்மேட்டுக்குப் போகும் முன் ஒரு பற்றைக்குப் பின்னால் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. கச்சிமுகம்மது அங்கே நின்றார். ஒவ்வொரு வெள்ளியும் பள்ளிக்குப் போகும் வழியில் மேட்டைக் காலால் அழுத்திப் பார்ப்பது அவருடைய பழக்கம். தூறிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து, பிழிந்து, உதறிவிட்டுப் போனார். பிந்திவிட்டோம் என்று எட்டி நடந்தார். அவர் பள்ளி ஒழுங்கைக்குள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு டோசரை எடுத்தேன். சிவப்புத் துணியை அவிழ்க்கவில்லை, கைப்பிடியோடு அதையும் சேர்த்துப் பிடித்தேன். கடல் இரைந்துகொண்டிருந்தது, ஒலிபெருக்கியில் குத்பா போய்க்கொண்டிருந்தது, என் சத்தம் யாருக்கும் கேட்டிராது. அன்றைய குத்பா அயலவரின் உரிமைகளைப் பற்றி. மண்வெட்டிக்காரர்கள் முழ அகலம் வெட்டுகிற இடத்தில் நான் டோசரின் அகலத்துக்கு வெட்டினேன். இந்த ஒன்றில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. தண்ணீர் ஒரு கணம் என்னைப் பார்த்தது, அவ்வளவுதான். பிறகு தோணா எழுந்து நடந்து போயிற்று.

டோசரைப் பின்னுக்கெடுத்து, பழைய தடத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் நிறுத்தினேன். திரும்பி வந்து மேட்டில் நின்று பார்த்தேன். கிண்ணை வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மீன் துடிக்கும் சத்தம் கேட்டது. என் மண்பாதைக்கு இரண்டு பக்கமும் சேறு தெரியத் தொடங்கியது. வேலை சரியாக நடக்கிறது என்ற திருப்தி இருந்தது. அப்போது தண்ணீரில் ஒரு பன் கட்டு சுழன்றுகொண்டு போனது. அதற்குப் பின்னால் இன்னொரு கட்டு. வெட்டு வாய் பச்சையாக இருந்தது, கயிறும் கட்டியிருந்தது. பன் தன்னைத்தானே அறுத்துக் கட்டிக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அதைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. பிறகு வெள்ளையாக ஏதோ போனது. கொக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

என் கணக்கில் இருந்த ஒரே பிழை இங்கேதான் வருகிறது, அதை மறைக்காமல் எழுதுகிறேன். ஊர் முழுவதும் பள்ளிக்குள் இருக்கிறது என்று நினைத்தபோது நான் ஆண்களை மட்டும் நினைத்துவிட்டேன். பாய் இழைக்கும் பெண்கள் பன் அறுக்கத் தோணாவுக்குள் இறங்குவது வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில்தானாம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டிய வேலை அது. ஆண் கண்கள் எல்லாம் பள்ளிக்குள் அடைபட்டிருக்கும் நேரம் ஒரு கிழமையில் அது ஒன்றுதான். இது பெண்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. எந்த ஆணுக்கும் தெரியாது, தெரியக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தமே. எனக்கும் பிறகுதான் தெரிய வந்தது. என் நஸீறாவே வெள்ளிக்கிழமைகளில் போகிறவளாம். அன்று அவள் போகாமல் இருந்தது அல்லாஹ்வின் காவல்.

அன்று தூறல் என்பதால் மற்றப் பெண்களும் போகவில்லை. போனது றஹீமா மட்டும். கச்சிமுகம்மதுவின் மகள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி இருந்தவள். கலியாணம் பேசி முடித்திருந்தார்கள், புது வீட்டுக்குப் பாய் இழைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் பாலமுனை மீனவர்கள் அவளைக் கண்டெடுத்தார்கள்.

அஸருக்குப் பிறகு கனகரெத்தினம் தன் பெரியவரோடு வந்தார். கடற்பக்கம் சனம் கூடி நின்றது. பெண்கள் குளறிக்கொண்டு ஓடினார்கள். பெரியவர் காற்சட்டையில் சேறு படாத தூரத்தில் நின்று, என் மண்பாதையின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பார்த்தார். தண்ணீர் இல்லை. மாரி பெய்தால் கொஞ்சம் ஈரம் நிற்கிற தரிசுக் காணி சேர் என்றேன். அவர் தலையாட்டினார். தடை அன்றே நீங்கியது.

கனகரெத்தினம் மட்டும் டோசருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மழைக்குள் குடையை மடக்கிப் பிடித்திருந்தார்.

“இது அசையல்ல, என்ன?”

“நீங்க கட்டின துணி அப்பிடியே கிடக்கு சேர்.”

முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சுத்தான். நான் சொல்வேன், சட்டம் அன்று எனக்குச் செய்த உதவியை என் சொந்தச் சகோதரனும் செய்திருக்கமாட்டான். அசையக்கூடாது என்று உத்தரவு போட்ட இயந்திரத்தை யார் சந்தேகிப்பார்கள்.

“அப்ப வாய ஆர் வெட்டின?” என்று கேட்டார். சுற்றிலும் ஊரார் நின்றார்கள்.

“வாய் வெட்டுறது வட்டவிதானைட பொறுப்பு சேர்” என்றேன்.

இந்த வசனத்தை நீங்கள் எப்படிப் புரட்டினாலும் ஒரு பொய் கிடைக்காது. வெட்டுவது அவர் பொறுப்புத்தான். அன்று அவர் வெட்டினார் என்று நான் சொல்லவில்லை. மிகுதியை ஊரே சொல்லிக்கொண்டது. அவர் அன்று ஜும்ஆவுக்குப் பிந்தி வந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். அவர் உடுத்திருந்த சாறனின் விளிம்பில் ஈரமணல் இருந்ததைக் கண்டவர்களும் இருந்தார்கள். அறிவிக்காமல் வெட்டினான், வெட்டி மகளையே கடலுக்குக் கொடுத்தான் என்று கதை கட்டி முடிந்தபோது ஜனாஸா இன்னும் மண்ணில் அடங்கவில்லை. கடல் உள்ளே வந்து நாற்று கருகியதும் அவர் தலையில்தான் விழுந்தது. மரண விசாரணையில் அவர், “நான் வெட்டல்ல” என்று மட்டும் சொன்னார். ஆர் வெட்டினது என்று கேட்டதற்குத் தெரியாது என்றார். வயல்காரர்கள் வேறொருவரைத் தெரிந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து பள்ளியில் அவர் கடைசி வரிசையில் தொழுதார், அவருக்குப் பக்கத்தில் ஒரு இடம் எப்போதும் வெறுமையாக இருந்தது.

சனிக்கிழமை சாலிஹ் என்னிடம் வந்தான்.

“காக்கா, டோசர்ர சங்கிலிக்குள்ள கடல்மணல் கிடக்கே.”

“கழுவு” என்றேன்.

அவன் கழுவினான். அதன் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. அந்த வருடமே சவூதிக்குப் போய்விட்டான், அங்கேயும் டோசர்தான் ஓட்டுகிறானாம்.

வீதி முடிந்தது. இன்றைக்கும் பஸ் அதன் மேல்தான் போகிறது. அந்த மண்பாதை இப்போதும் கிடக்கிறது, அதன் மேல் இரண்டு கடையும் வந்துவிட்டது. தோணா திரும்பவும் பழையபடி நிறையவில்லை. வீட்டில் நஸீறா பாய் இழைப்பதை விட்டாள். கல்முனைச் சந்தையில் பிளாஸ்ரிக் பாய் வாங்கிப் போட்டாள். பெண்களுக்குப் புதுச் சாமானில் ஆசை வருவது இயற்கை.

நான் எதையும் ஒளிக்கவில்லை என்பதற்கு முனாபின் கடையே சாட்சி. குற்றம் செய்தவன் பயந்து வாயை மூடிக்கொள்வான். நான் மாரிக்கு மாரி, ஊர் கூடியிருக்கும் இடத்தில், நான்தான் தோணாவைக் குடித்தேன் என்று உரக்கச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். நம்பாமல் விட்டது உங்கள் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் என் பக்கத்தில் செய்ய வேண்டியதை நான் செய்துவிட்டேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன கிழமை கச்சிமுகம்மது என் படலையடிக்கு வந்தார். நல்லாய் மெலிந்துபோயிருந்தார். இருமலுக்கு நடுவில்தான் கதை வந்தது. ஆஸ்பத்திரியில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கதிரை போட்டும் உட்காரவில்லை.

“ஓவசியர், நீங்க கடையில சொல்ற கதைய ஒருக்கா எழுதித் தருவீங்களா?”

“எந்தக் கதை விதானையார்? என்னட்ட நூறு கிடக்கு.”

“தோணாவக் குடிச்ச கதை.”

“அது புளுகெண்டு ஊருக்கே தெரியுமே.”

“எனக்கும் தெரியும்” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். “நான் வெட்டல்ல. அல்லாஹ்வுக்குத் தெரியும், ஆனா இவங்களுக்குத் தெரியாது. நான் கண்ண மூடினா என்ட மய்யித்துத் தொழுகைக்கு ஆக்கள் வரவேணும் ஓவசியர். ஆராவது ஒராள், விதானை வெட்டல்ல, நான்தான் வெட்டினன் எண்டு எழுதிப் பள்ளியில வாசிச்சா வருவாங்க. வேற ஆரிட்டப் போய் நான் இதக் கேக்கிற? நீங்கதான் ஊரறியச் சொல்லிக்கிட்டுத் திரியிற ஆள். பொய்யெண்டாலும் பறவாயில்ல. பொய்யிட பாவத்த நான் எடுத்துக்கிறன்.”

என்னிடம் இதுவரை யாரும் ஒரு புளுகை இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். அவர் கை சூடாக இருந்தது. துஆச் செய்துவிட்டுப் போனார்.

அவருக்காகத்தான் எழுதுகிறேன். இதனால் எனக்கு வரக்கூடிய பெயரைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஒரு மனிதனின் கடைசி ஆசையைத் தீர்ப்பது சிறிய காரியமில்லை. நீங்கள் விரும்பினால் இதை உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள், விரும்பாவிட்டால் முகைதீன்பாவா ஒரு மய்யித்துத் தொழுகைக்காகச் சொன்ன நல்ல பொய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் எனக்குச் சம்மதம். றஹீமா உள்ளே நின்றது மட்டும் எனக்குத் தெரியாது. அந்த ஒரு விஷயத்தை அல்லாஹ்வின் மேல் ஆணையாக, வல்லாஹி என்று சொல்லி முடிக்கிறேன்.

இவ்வளவும் எழுதியபின் நஸீறாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். ஊரில் இதை மறுக்கிறவள் அவள் ஒருத்திதான், நாளைக்குப் பள்ளியில் வாசிக்கும்போது வீட்டுக்குள்ளிருந்தே ஒரு மறுப்புக் கிளம்பக்கூடாதல்லவா. அரிசிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நுளம்புக் கதைக்குச் சிரிக்கவில்லை. பன் கட்டுப் போன இடத்தில் புடைப்பதை நிறுத்தினாள். நான் முடித்ததும், “எப்பிடி, வழமை போலப் பொய் எண்டு சொல்லு பார்ப்பம்” என்றேன்.

சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு, “பேனய எடுங்க, இதையும் எழுதுங்க” என்றாள். மனைவியின் சொல்லைத் தட்டுகிறவன் நானில்லை. அவள் சொல்லச் சொல்ல, ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்.

“ஓம். நடந்ததுதான். இந்த மனிசன்தான் வெட்டினார். அண்டைக்கு விடிய வெள்ளாப்பில என்னட்டச் சொன்னார், இண்டைக்குப் பன்னுக்குப் போகாத புள்ள எண்டு. ஏனெண்டு கேட்டன், சொல்லல்ல. லுஹருக்கு முதல் றஹீமா வேலியடியில வந்து நிண்டு, ராத்தா வாறீங்களா எண்டு கூப்பிட்டாள். நான் வரல்ல எண்டன். அப்ப நான் தனியப் போறன், ஒங்களுக்கும் ரெண்டு கட்டு அறுத்து வாறன் எண்டு சொல்லிட்டுப் போனாள். நீங்க இந்தக் கதிரையிலதான் இருந்தீங்க. நான் ஒங்கட முகத்தப் பார்த்தன். ஆணத்த இன்னும் கொஞ்சம் ஊத்து எண்டீங்க.”